மறதி நோயாளிகளின் பேரேடு யார் கையில்?

நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் காலனிக்குள்ளோ மில் லயன் வீடுகளுக்குள்ளோ வந்து பெயரும் வயதும் கேட்டால், "எதுக்கய்யா எழுதுறீங்க?" என்று நமது ஜனங்கள் திருப்பிக் கேட்பார்கள். படித்தவர்களில் சிலர் இதைப் பார்த்துவிட்டு, பாமரர்களுக்குக் கணக்கெடுப்பின் பயன் தெரியவில்லை என்று சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? மஸ்டர் ரோலில் பெயர் விழுந்தால் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. கடன் பத்திரத்தில் பெயர் விழுந்தால் காணி போயிற்று. பெயர் எழுதப்படுவது என்றால் என்ன என்பதை உழைக்கும் மக்கள் அனுபவத்திலே படித்து வைத்திருக்கிறார்கள்.

அதே கேள்வியை இந்த வாரம் வேறொரு பேரேட்டின் மீது கேட்போம். அமெரிக்க முதியோர் இல்லங்களில் மறதி நோய் கண்டவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, பதிவு செய்து, அந்தப் பதிவை வைத்து ஆராய்ச்சி நடத்துகிறார்கள். கடல் கடந்த விஷயம், நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம். அதே நோயைத் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் வேலூர் ஜில்லாவின் கிராமங்களுக்கும் வந்து போயிருக்கிறார்கள். அதற்கும் வருவோம்.

முதலில் வார்த்தைகளைத் தெளிவு செய்துகொள்வோம். நம் ஊரில் நர்ஸிங் ஹோம் என்றால் பிரசவமும் ஆபரேஷனும் நடக்கிற தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறு பொருளில் வழங்குகிறது. எழுந்து நடமாட முடியாத, தானாக உண்ணவும் உடுக்கவும் இயலாத முதியவர்கள், அநேகமாகச் சாகும் வரையில் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. மறதி நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அதிலே பெரும் பகுதி அல்ஸைமர் நோய். மகளின் பெயர் ஒரு நிமிஷம் நாக்கில் வராமல் போவது எல்லோருக்கும் நேர்வது. எதிரே நிற்பவள் மகள் என்பதே தெரியாமற் போவது இந்த நோய். மூளையின் அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. கடைசியில் சோற்றை மென்று விழுங்குவதுகூட மறந்துபோகிறது. இதை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட இல்லங்கள் சுமார் 15,000. அவற்றில் 12 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் மறதி நோயாளிகள். இல்லங்களில் நூற்றுக்கு எழுபது லாபத்துக்காக நடப்பவை. இந்தக் கடைசிப் புள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏழை விடுதியிலிருந்து லாப விடுதிக்கு

இந்த இல்லங்கள் எப்படி முளைத்தன? 1935-ல் அமெரிக்க சர்க்கார் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஏழை முதியவர்களுக்கு உதவிப் பணம் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் பொது ஏழை விடுதிகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது என்று ஒரு விதி. விளைவு என்ன? முதியவர்கள் கையில் உதவிப் பணத்தோடு தனியார் விடுதிகளுக்குப் போனார்கள். பிறகு 1965-ல் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரண்டு திட்டங்கள் வந்தன. சர்க்கார் கஜானாவிலிருந்து முதியோர் வைத்தியத்துக்கும் பராமரிப்புக்கும் பணம் பாய ஆரம்பித்தது. பணம் பாய்கிற இடத்தை முதலாளிகள் மோப்பம் பிடிக்காமல் இருப்பார்களா? கிழவர்களும் கிழவிகளும் கட்டிலோடு கட்டிலாகக் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். கூச்சல் போட்டால் தூக்க மருந்து. பத்திரிகைகளில் அம்பலம், விசாரணை, மீண்டும் அம்பலம். கடைசியில் 1986-ல் ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 1987-ல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் செய்த ஒரு காரியம்தான் நம் விஷயத்துக்கு வேர். சர்க்கார் பணம் வாங்கும் ஒவ்வொரு இல்லமும், தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு மனிதரைப் பற்றியும் ஒரே மாதிரியான படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். சேரும்போது ஒரு முறை, பிறகு குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, புண் இருக்கிறதா, கட்டி வைத்தீர்களா, என்ன மருந்து கொடுக்கிறீர்கள், நினைவு எப்படி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். 1990-களின் ஆரம்பத்தில் இந்தப் படிவம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. 1998 முதல் கம்ப்யூட்டர் வழியாகச் சர்க்காருக்குப் போய்ச் சேருகிறது. இப்படித்தான் உலகத்திலேயே மிகப் பெரிய முதியோர் பேரேடுகளில் ஒன்று உண்டாயிற்று. மறதி நோய் ஆராய்ச்சி செய்பவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

நினைவைச் சோதிப்பது எப்படி? 2010 முதல் நடப்பது இது. ஊழியர் ஒருவர் முதியவருக்கு எதிரே உட்கார்ந்து மூன்று வார்த்தைகள் சொல்வார்: காலுறை, நீலம், கட்டில். திருப்பிச் சொல்லுங்கள் என்பார். இது எந்த வருஷம், எந்த மாதம், என்ன கிழமை என்று கேட்பார். பிறகு, முன்னே சொன்ன மூன்று வார்த்தைகள் என்ன என்பார். மொத்தம் 15 மார்க். 13-ம் அதற்கு மேலும் எடுத்தால் புத்தி தெளிவு. 8 முதல் 12 வரை நடுத்தரக் குறைவு. ஏழும் அதற்குக் கீழும் கடுமையான குறைவு. பதில் சொல்லவே முடியாதவர்களைப் பற்றி, அவர்களோடு அன்றாடம் பழகும் ஊழியர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். அதை வைத்து மார்க் போடப்படும்.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒருவரை மறதி நோயாளி என்று எழுதினால் அவருக்கு வருகிற மருந்து மாறுகிறது, சாப்பாடு கொடுக்கும் முறை மாறுகிறது, அவர் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு மாறுகிறது, இல்லத்துக்கு வருகிற பணமும் மாறுகிறது. எழுதாமல் விட்டால் அவர் நோய்க்கு வைத்தியமே இல்லை. டாக்டர் எழுதிய நோய்ப் பட்டியலை மட்டும் பார்க்கிற ஆராய்ச்சிக்காரருக்கு, மார்க் குறைவாக எடுத்தும் பட்டியலில் நோயின் பெயர் ஏறாத முதியவர்கள் தென்படவே மாட்டார்கள். மார்க்கை மட்டும் பார்த்தாலும் சிக்கல்தான். காது கேளாதவரும், காய்ச்சலில் பிதற்றுபவரும், மனம் உடைந்து பேச மறுப்பவரும் மறதி நோயாளிகளாகிவிடுவார்கள். ஆகவே பேரேடு, வைத்தியர் குறிப்பு, நேர்ப் பரிசோதனை என எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துத்தான் நேர்மையான ஆராய்ச்சி நடக்க வேண்டும்.

குழாய்ச் சோறு சொன்ன உண்மை

இந்தப் பேரேடு ஜனங்களுக்குச் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. ஒரே உதாரணம் போதும்.

மறதி நோய் முற்றியவர் விழுங்க முடியாமல் திணறுகிறார். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று பொறுமையாக ஊட்டுவது. மற்றொன்று, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத் திரவ உணவைச் செலுத்துவது. குழாய் போடுவதால் இந்த நோயாளிகளின் ஆயுள் நீள்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று 1999-லேயே மருத்துவ ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் குழாய் போட்டார்களா?

2003-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மேலே சொன்ன பேரேட்டிலிருந்து, நினைவு அடியோடு குன்றியவர்கள் 1,86,835 பேரைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 34 பேர் வயிற்றில் குழாய்! எந்த இல்லங்களில் அதிகம் என்று பார்த்தார்கள். லாபத்துக்கு நடக்கும் இல்லங்களில் அதிகம். பெரிய இல்லங்களில் அதிகம். வெள்ளையரல்லாதோர் அதிகமாக வாழும் இல்லங்களில் அதிகம்.

ஏன்? மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊட்டுவதற்கு ஆள் வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் ஓர் ஊழியர் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. குழாயை மாட்டிவிட்டால் ஒருவரே பல கட்டில்களைப் பார்த்துக்கொள்ளலாம். அதே வருஷம் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டே காட்டிற்று. குழாய் போட்ட நோயாளியால் இல்லத்துக்குச் செலவு குறைவு. ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிறது, ஆனால் அது சர்க்கார் தலையில் விழுகிறது. நான்கு தறிக்கு ஓர் ஆள் இருந்த இடத்தில் எட்டுத் தறிக்கு ஓர் ஆள் என்று கேட்டவர்களை நாம் பார்த்ததில்லையா? இங்கே தறிக்குப் பதில் கிழவியின் வாய், அவ்வளவுதான்.

இந்த உண்மை வெளியே வந்ததற்குக் காரணம் என்ன? நோயாளிகள் யார் என்று எழுதப்பட்டிருந்ததால். எழுதப்படாவிட்டால் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு தனிக் கதையாகவே புதைந்து போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: கணக்கே வேண்டாம் என்று கூறுவது நம் நிலை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-ல் பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள 22 இல்லங்களில், நோய் முற்றிய 323 பேரை ஒன்றரை வருஷம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்தக் காலத்துக்குள் இறந்துபோனார்கள். இது சாவுக்குக் கொண்டுபோகிற நோய்தான் என்பது நிலைநாட்டப்பட்டது. முடிவு நெருங்கிவிட்டது என்பதைப் புரிந்துகொண்ட குடும்பத்தார், கடைசி மாதங்களில் அந்த உடலை ஊசியும் குழாயுமாக வதைக்க அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. நோயைக் கண்டு சொல்வது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கணக்கப்பிள்ளை பண்ணையாருடையவர்

ஆனால் பேரேட்டை எழுதுவது யார்? அந்த இல்லமேதான்! அளக்கிற மரக்காலும் பண்ணையாருடையது, எழுதுகிற கணக்கப்பிள்ளையும் பண்ணையாருடையவர் என்றிருந்த காலத்தைத் தஞ்சை ஜில்லாப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். களத்திலே நெல் எப்படிக் குறைந்ததோ அப்படியே இங்கே நோய் பெயர் மாறிற்று.

சங்கதி இதுதான். சித்தப்பிரமைக்குக் கொடுக்கிற பலமான மருந்துகளை மறதி நோய் கண்ட முதியவர்களுக்குக் கொடுத்தால் மரண அபாயம் அதிகரிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005-ல் எச்சரித்தது. சாதாரண எச்சரிக்கையல்ல, மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் கட்டிப் போடுகிற எச்சரிக்கை. ஆனாலும் கொடுத்தார்கள். காரணம் பழையதுதான். மருந்து கொடுத்தால் முதியவர் சத்தமில்லாமல் கிடப்பார், ஆள் குறைவாக இருந்தாலும் ஷிப்ட் ஓடிவிடும். 2012 முதல் சர்க்கார் இதைக் குறைக்க ஒரு முயற்சி எடுத்தது. எந்த இல்லத்தில் எத்தனை பேருக்கு இந்த மருந்து என்று பகிரங்கமாக வெளியிட்டது. பிறகு இல்லங்களுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பிலும் அதைச் சேர்த்தது. கணக்கு காட்டிற்று: மருந்து குறைகிறது, குறைகிறது!

எப்படிக் குறைந்தது? அந்தக் கணக்கில் ஒரு விலக்கு இருந்தது. ஸ்கிஸோஃப்ரீனியா என்ற மனநோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து நியாயமானது, ஆகவே அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று விதி. இல்லத்து நிர்வாகிகள் சிலர் என்ன செய்தார்கள்? மருந்தை நிறுத்தவில்லை, நோயை மாற்றி எழுதினார்கள்! மறதி நோயாளிக்கு எண்பது வயதில் திடீரென்று ஸ்கிஸோஃப்ரீனியா. இந்த மனநோய் சாதாரணமாக இளம் வயதில் ஆரம்பிப்பது. 2021-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. வெளியே ஜனங்களில் சுமார் 150 பேருக்கு ஒருவருக்கு உள்ள நோய், இந்த இல்லங்களில் ஒன்பது பேருக்கு ஒருவருக்கு இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில்தான் சர்க்கார் தணிக்கை ஆரம்பித்தது.

இதிலே இரண்டு கொலைபாதகங்கள் இருக்கின்றன. நோயாளிக்கு ஆபத்தான மருந்து போனது ஒன்று. இது எல்லோருக்கும் தெரிகிறது. மற்றொன்று, பேரேடே பொய்யாகிப் போனது. நாளைக்கு ஓர் ஆராய்ச்சிக்காரர், மறதி நோயாளிகளுக்கு எந்தப் பராமரிப்பு நல்லது என்று நேர்மையாகவே தேடப் போகிறார். அவர் கையில் கிடைப்பது திருத்தப்பட்ட கணக்கு. முதலாளி போட்ட பொய்க் கையெழுத்து அதிலே விஞ்ஞான முடிவாக வேஷம் போட்டு வெளியே வரும்.

சம்மதம் கேட்டார்களா?

பேரேடு சரியாகவே எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர்களின் உடம்பில் கை வைக்கலாமா?

1963 ஜூலையில், நியூயார்க் நகரத்தின் புரூக்லின் பகுதியில், நீண்ட கால நோயாளிகளுக்கான யூத ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததை மருத்துவ உலகம் இன்றைக்கும் பேசுகிறது. வயது முதிர்ந்து பலவீனமுற்ற 22 நோயாளிகளின் தோலுக்கு அடியில் உயிருள்ள புற்றுநோய் அணுக்களை ஊசியால் ஏற்றினார்கள். ஸ்லோன்-கெட்டரிங் என்ற பெரிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் செஸ்டர் சௌதம் இதை நடத்தினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கிறோம் என்று சொன்னார்களே தவிர, ஏற்றுவது புற்றுநோய் அணு என்று சொல்லவில்லை. தெளிவாகச் சம்மதம் தரும் நிலையிலேயே சிலர் இல்லை. 'புற்றுநோய்' என்ற சொல் நோயாளிகளைப் பயமுறுத்தும், அதனால் சொல்லவில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். அணுக்கள் தாமாக மறைந்துவிடும், ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். அப்படியானால் உங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்வதுதானே என்று கேட்டபோது அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பயிற்சி பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் உலகத்தில் சொற்பம். சின்ன ஆபத்துக்குக்கூட அவர்கள் தங்களை உட்படுத்துவது முட்டாள்தனம் என்ற பொருளில் பதில் சொன்னார்!

அந்த ஆஸ்பத்திரியிலே மூன்று இளம் டாக்டர்கள் இந்தக் காரியத்தில் சேர மறுத்து வேலையை ராஜினாமா செய்தார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த வக்கீல் ஒருவர், நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனார். விசாரணை நடந்தது. மோசடி, தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பு. தண்டனை? ஒரு வருஷம் டாக்டர் லைசென்ஸ் ரத்து. அதையும் நிறுத்தி வைத்து, கண்காணிப்பில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1968-ல் அதே டாக்டர் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார். நாஜி டாக்டர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு, மனிதர் மீது பரிசோதனை செய்ய அவருடைய சொந்தச் சம்மதம் முதல் நிபந்தனை என்று 1947-லேயே எழுதிவிட்டது. பதினாறு வருஷங்களுக்குப் பிறகு நடந்த கதை இது.

சரி, சம்மதம் தர இயலாதவர்களிடம் ஆராய்ச்சியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் அநியாயமாக முடிகிறது. கொரோனா வந்தபோது அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் 2020-ல் தடுப்பூசிகளைச் சோதித்த பெரிய பரிசோதனைகளில் இந்த இல்லவாசிகளைச் சேர்க்கவில்லை. ஊசி அவர்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. அவர்கள் உடம்பில் அது எப்படி வேலை செய்யும் என்பதைப் பின்னால்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தில் 2005-ல் வந்த சட்டம் ஒரு வழி காட்டுகிறது. முடிவெடுக்கும் சக்தி இழந்தவரை ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமானால், அவரை அறிந்த, சம்பளத்துக்காக அல்லாமல் அவரைக் கவனித்துவரும் ஒருவரைக் கேட்க வேண்டும். இவர் தெளிவாக இருந்த காலத்தில் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதே கேள்வி. அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆராய்ச்சியின் நடுவே அந்த முதியவர் எதிர்ப்புக் காட்டினால் அதோடு நிறுத்த வேண்டும். பேச்சு போய்விட்டிருக்கலாம், கையைத் தட்டிவிடுகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதுவும் 'வேண்டாம்' என்ற சொல்தான். நினைவு போனாலும் மறுக்கிற உரிமை போகாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

ஊட்டுகிறவளுக்குத் தெரியும்

மறதி நோயை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்? பெரிய டாக்டர் வாரத்துக்கொரு முறையோ மாதத்துக்கொரு முறையோ எட்டிப் பார்ப்பவர். குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றி, ஊட்டுகிற ஊழியருக்குத்தான் தெரியும்: நேற்று வரை பொத்தானைத் தானே போட்டவர் இன்று போடத் திணறுகிறார் என்று. அமெரிக்காவில் இந்த ஊழியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கறுப்பினத்தவரும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஏராளம். கூலி குறைவு, முதுகு முறிகிற வேலை, ஆறு மாதத்தில் ஓடிப்போகிறவர்கள் பலர். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கவனிப்பது? பேரேட்டின் தரம் ஊழியரின் கூலியோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. இதை ஆராய்ச்சிப் புத்தகங்களில் ஓரமாகத்தான் எழுதுகிறார்கள்.

2024-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது: நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 3.48 மணி நேரப் பராமரிப்பு கிடைக்கும் அளவுக்கு ஆள் இருக்க வேண்டும். பெரிய வரப்பிரசாதமல்ல, மிகக் குறைந்த அளவுதான். இல்லத்து முதலாளிகளின் சங்கங்கள் கோர்ட்டுக்கு ஓடின. 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் பெடரல் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. அதே வருஷம் ஜூலையில் வந்த சட்டம், அதை அமல் செய்வதை 2034 வரைக்கும் தடுத்து வைத்தது. ஆள் கிடைக்கவில்லையாம்! கூலியை உயர்த்தினால் கிடைப்பார்களா என்று பார்க்க மட்டும் மனமில்லை.

நமது கிராமத்துக்கு வந்தபோது

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே மறதி நோயாளிகள் இல்லங்களில் இல்லை, திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வந்த ஆராய்ச்சி முதலில் இடறி விழுந்தது எங்கே தெரியுமா? எழுத்தில்.

அமெரிக்காவில் 1975-ல் தயாரான நினைவுச் சோதனை உலகமெங்கும் பரவியது. அதிலே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய் என்பார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு நாற்று நடுகிற அம்மாளிடம் இதைக் கொடுத்தால்? நாற்பது நாள் கூலியை மனத்திலேயே கணக்கு வைத்திருக்கிறவர் மறதி நோயாளி ஆகிவிடுவார். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் வேலை செய்த ஆராய்ச்சிக் குழு இதை உணர்ந்து, 1995-ல் சோதனையை மாற்றி அமைத்தது. படிக்கச் சொல்வதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வது போலச் செய் என்று கேட்பவர் கண்ணை மூடிக் காட்டுவார். எழுதுவதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல். இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்.

அடுத்த இடறல் இன்னும் நுட்பமானது. பல நாடுகளில் ஒரே முறையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-ல் வெளிவந்தது. சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அதிலே உண்டு. அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் புத்தக விதிப்படி பார்த்தால், இந்தியக் கிராமத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் மறதி நோய். அந்தக் குழுவே தயாரித்த வேறு முறைப்படி பார்த்தால், ஆய்வு நடந்த எந்த இடத்திலும் நூற்றுக்கு ஐந்தரைக்குக் குறையவில்லை! இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? அமெரிக்கப் புத்தகம், நோயினால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா என்று கேட்கிறது. நம் வீடுகளில் மருமகள் சோறு பிசைந்து கையில் கொடுக்கிறாள், பேரன் கைபிடித்து வாய்க்கால் பக்கம் அழைத்துப் போகிறான். "தாத்தாவுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டால், "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று பதில் வரும். குடும்பம் சுமந்த பாரம் அத்தனையும் அந்த ஒரு பதிலில் மறைந்துபோகிறது. நோயாளி இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். இல்லாத நோய்க்கு எந்தச் சர்க்கார் பணம் ஒதுக்கும்?

2023-ல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், மொத்தம் 88 லட்சம் பேர் மறதி நோயாளிகள் என்று மதிப்பிடுகிறது. பெண்களில் அதிகம், கிராமத்தில் அதிகம், படிப்பில்லாதவர்களில் அதிகம். இளமையில் கல்வி கிடைக்காதது இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று உலக நிபுணர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பத்து வயதில் மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் அனுப்பப்பட்ட பெண் குழந்தைக்கு, எழுபது வயதில் அதன் பில் வருகிறது.

ஆகவே ஆராய்ச்சிக்காரர்கள் வரட்டும். வந்தால் கதவை அடைக்க வேண்டாம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதில் நினைவைப் பாதிக்கும் கடும் கோளாறையும் சேர்த்திருக்கிறது. அதன் 99-வது பிரிவு, இப்படிப்பட்டவர்களிடம் பேட்டி எடுக்கிற ஆராய்ச்சிக்குக்கூட அவர்களுடைய சுயேச்சையான சம்மதம் வேண்டும் என்கிறது. மனம், உடல், மருந்து சார்ந்த தலையீடு உள்ள ஆராய்ச்சியில், சம்மதம் தர இயலாத நிலையில் ஒருவர் இருந்தால், அவர் எதிர்ப்புக் காட்டாதிருக்க வேண்டும், அவருடைய பிரதிநிதி சம்மதிக்க வேண்டும், மாநில அதிகாரக் குழுவின் அனுமதியும் வேண்டும். அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு வருகிறவரிடம் அந்த அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லலாம். கேள்விகள் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்துபவையா என்று விசாரிக்கலாம். ஊட்டுகிற மருமகளை, அவள் கூலி இழந்து எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்தாள் என்பதையும் சேர்த்து, எழுதிக்கொள்ளச் சொல்லலாம். பெயரை எழுதிக்கொண்டு போன பிறகு, என்ன கண்டோம் என்று அதே வீட்டுக்குத் திரும்பி வந்து சொல்வார்களா, எந்த மாதம் வருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.